தாழ்ப்பாளுக்குத் தேங்காய் எண்ணெய்

எங்கள் படுக்கையறைத் தாழ்ப்பாளுக்கு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட எங்களுக்கு 11 வருடம் ஆயிற்று.

உறையூரில் பழைய வீடு. இரண்டு படுக்கையறை, நடுவில் ஒற்றைக்கல் சுவர். அந்தப் பக்கம் அத்தை, அதாவது என் மாமியார், படுத்திருப்பார். இந்தப் பக்கம் தாழ்ப்பாளைப் போட்டால் 'க்ரீச்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அத்தை இருமுவார். வேண்டுமென்றே இருமினாரா, தானாக வந்த இருமலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இருமல் கேட்டதும் என் உடம்பு சுருங்கிக்கொள்ளும். என் கணவருக்கு அது காதிலேயே விழுந்ததில்லை. ஒருமுறை கேட்டேன். "எப்ப இருமினாங்க?" என்றார். நடிப்பில்லை, நிஜமாகவே கேட்கவில்லை.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆசையில் என்ன வித்தியாசம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் அந்த இருமல்தான் ஞாபகம் வரும்.

எனக்கு இப்போது 44 வயது, அவருக்கு 48. 2006-ல் ஜாதகம் பார்த்து நடந்த கல்யாணம். அவருக்கு எலெக்ட்ரிக்கல் சாமான் கடை, எனக்கு ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை, இரண்டு பிள்ளைகள். கல்யாணத்துக்கு முன்பு இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த மொத்தப் பாடம், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்ன "அனுசரிச்சுப் போ" மட்டும்தான். அவருக்குக் கிடைத்தது நண்பர்கள் அளந்த கதைகளும் யாரோ கொடுத்த சிடியும். இந்தத் தகுதிகளோடு குடித்தனம் ஆரம்பித்தோம்.

முதல் இரண்டு வருடம் பெரிய குறையில்லை. புதுசு என்பதே பாதி வேலையைச் செய்துவிடும். 2008-ல் பெரியவன் பிறந்தான். பால் கொடுத்த ஒன்றரை வருடமும் ஆசை என்பது மருந்துக்கும் இல்லை. போதாததற்கு எரிச்சல், வலி. பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ஏறியிருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும், அதனால் பிறப்புறுப்பு வறண்டுபோகும், தாய்ப்பால் தருகிற பெண்களுக்கு இது சகஜம் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். பிரசவத்துக்கு அப்புறம் போன செக்கப்பில் "காப்பர்-டி போட்டுக்கிறியாம்மா?" என்று கேட்டதோடு சரி. வலிக்கும் என்று தெரிந்த இடத்துக்கு உடம்பு எப்படி விரும்பிப் போகும்? நான் தூங்குவதுபோல நடிக்கப் பழகினேன். மூச்சைச் சீராக விடவேண்டும், இமை துடிக்கக் கூடாது. நன்றாகவே வந்தது.

ஒருநாள் இருட்டில், சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "என்னை உனக்குப் பிடிக்கலையா?"

நான் பதில் சொல்லவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன் அல்லவா.

அப்புறம் 2012-ல் சின்னவள். வீடு, வேலை, பிள்ளைகள், அத்தையின் சர்க்கரை மாத்திரை, காலையில் யாருக்கு என்ன டப்பா என்ற கணக்கு. அவர் என்னைத் தொடுவதே 'அதற்கு' என்று ஆகிவிட்டது. அடுப்படியில் பின்னால் வந்து தோளில் கை வைத்தால், 'இன்று ராத்திரி பில் வரும்' என்று மனசு கணக்குப் போடும். அதனால் பகலிலேயே தோளை விலக்கிக்கொள்வேன். அவர் சும்மா அன்பாக வைத்த கையும் சேர்ந்து தட்டிவிடப்படும். நாலைந்து தடவை தட்டிவிடப்பட்ட கை பிறகு வராது. எங்கள் வீட்டில் ஆசைக்கு முன்னால் செத்தது தொடுதல்தான். எத்தனையோ வீடுகளிலும் இதே வரிசைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். வங்கியில் மதியச் சாப்பாட்டு மேஜையில் 35 வயதுப் பெண்கள், "எனக்கு அந்த இதெல்லாம் விட்டுப்போச்சுடி" என்று ஊறுகாய் பாட்டிலைத் தள்ளிக்கொண்டே சொல்வார்கள். நானும் தலையாட்டுவேன்.

2017-ல் மாதவிடாய் முறை தப்பியது என்று ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். சீட்டு எழுதிக்கொண்டே, "வீட்டுக்காரரோட எப்படிம்மா?" என்றார். "எனக்கு இன்ட்ரெஸ்டே இல்லீங்க டாக்டர்." பேனா நின்றது. "ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இல்லையா? ஆரம்பிச்ச அப்புறமும் இல்லையா?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தேன். வலியில்லாத நாட்களில், அவர் அவசரப்படாத நாட்களில், பாதி வழியில் ஆசை வந்திருக்கிறது. வந்து, நன்றாகவும் இருந்திருக்கிறது. சொன்னேன். "அப்ப உங்களுக்கு ஆசை இருக்கு. முன்னாடி வராம பின்னாடி வருது, அவ்வளவுதான்" என்றார்.

அவர் அன்று சொன்னதும் பிற்பாடு நானாகத் தேடிப் படித்ததும் கலந்து சொல்கிறேன். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் ஏறக்குறைய 700 பேரைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்துப் பார்த்து, 1966-ல் கிளர்ச்சி, நிலைப்பு, உச்சம், தணிதல் என்று நான்கு படி சொன்னார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஏணி. அந்த ஏணியில் ஆசை என்ற படியே இல்லை. ஹெலன் சிங்கர் கப்லான் என்ற மருத்துவர் எழுபதுகளின் கடைசியில் அதை முதல் படியாகச் சேர்த்தார்: முதலில் ஆசை, பிறகு கிளர்ச்சி. அப்படியானால் முதல் படியே வராதவள் குறைபாடுள்ளவள் என்று ஆகிறது. 2000-ல் கனடாவைச் சேர்ந்த ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர்தான் இதைத் திருப்பிப் போட்டார். நீண்ட நாள் துணையோடு வாழ்கிற பல பெண்களுக்கு, நெருக்கம் வேண்டும் என்ற எண்ணத்தில் தொடங்கி, தொடுதல் சுகமாக இருந்தால் உடம்பு விழித்து, அதற்கும் பின்னால்தான் ஆசை வரும் என்றார். ஏணியை வட்டமாக வளைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரிந்த மொழியில் சொன்னால், வயிறு கிள்ளி வந்து உட்காருகிற பசி ஒன்று. பசியே இல்லை, சும்மா உட்கார்கிறேன் என்று பந்தியில் உட்கார்ந்து, இலையில் ரசம் விழுந்த வாசனைக்கு வருகிற பசி இன்னொன்று. இரண்டும் பசிதான். என் கணவருக்கு முதல் வகை, எனக்கு இரண்டாவது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. 'அப்படியானால் பரிமாறிவிட்டால் சாப்பிட்டுவிடுவாள்' என்று ஒரு ஆண் இதைப் படித்தால் தொலைந்தது. பந்தியில் உட்காரலாமா என்று முடிவு செய்வது உட்காருகிறவள். ரசம் பிடிக்காவிட்டால் எழுந்துபோகவும் வேண்டும்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு அந்த இருமலை விளக்கியது. பாலுறவை ஆராய்கிற அமெரிக்காவின் கின்ஸி இன்ஸ்டிடியூட்டில் பான்கிராஃப்ட், ஜான்சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள், மூளையில் காமத்துக்கு ஆக்ஸிலரேட்டர் மாதிரி ஓர் ஏற்பாடும் பிரேக் மாதிரி ஓர் ஏற்பாடும் தனித்தனியாக இருக்கின்றன என்றார்கள். ஆளுக்கு ஆள் இரண்டின் அளவும் மாறும். சராசரியாக ஆண்களுக்கு ஆக்ஸிலரேட்டர் கொஞ்சம் சுலபமாக அழுந்தும், பெண்களுக்கு பிரேக். நாங்கள் 11 வருடமாக என்ன செய்தோம்? அவர் ஆக்ஸிலரேட்டரைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார். புதுப் புடவை, கொடைக்கானல், அல்வா, ஒருமுறை ஒரு சென்ட் பாட்டில். ஹேண்ட் பிரேக் போட்ட வண்டியை எவ்வளவு முறுக்கினாலும் புகைதான் வரும்.

என் பிரேக்குகள் எவை என்று ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். தாழ்ப்பாள் சத்தம். அத்தையின் இருமல். சின்னவள் எழுந்து வந்து கதவைத் தட்டுவாளோ. சிலிண்டரை மூடினேனா. பால் பாத்திரம் ஊறப்போடாமல் காய்ந்து கிடக்கிறது. வயிற்றுத் தையல் தழும்பை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறாரோ. கர்ப்பம் தங்கிவிடுமோ. காலையில் அவர் என் தங்கச்சியைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தை. வலிக்குமோ. எழுதி முடித்துப் பார்த்தால், இதில் காமம் சம்பந்தப்பட்டது இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் வீடு.

அவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் படித்தார். "சிலிண்டரா?" என்றார். அவருக்கு அது ஒரு புதுச் செய்தி. தன் தலையில் அந்த நேரத்தில் சிலிண்டர், பால் பாத்திரம், தங்கச்சி எதுவுமே இருக்காது என்றார். சண்டை போட்ட அன்று ராத்திரியும் அவருக்கு ஆசை வரும். சண்டையை முடிக்க அதுதான் வழி என்றே நினைத்திருந்தார். எனக்குச் சண்டை முடிந்தால்தான் அது. மூளை ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி என்று மேடையில் பேசுகிறவர்களை நான் முழுசாக நம்புவதில்லை. அத்தையின் சர்க்கரை மாத்திரையை அவர் ஞாபகம் வைத்திருக்கவேண்டிய வீடாக இருந்திருந்தால் அவர் காதிலும் அந்த இருமல் விழுந்திருக்கும் என்பது என் கட்சி.

மறுநாள் காலை தாழ்ப்பாளுக்கு அவரே எண்ணெய் விட்டார். அத்தை அறையில் ஒரு டேபிள் ஃபேனையும் வைத்தார், ஓடினால் மாவு மில் மாதிரி சத்தம் போடும் ரகம். கடைக்காரர் அல்லவா, அவருக்குத் தெரிந்த தீர்வு.

அதற்காக எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. ராத்திரிப் பாத்திரம் கழுவுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். நான்கு நாள் கழுவினார். ஐந்தாவது நாள், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்து, முதல் ரேங்க் வாங்கிய பையன் மாதிரி ஒரு முகத்தோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பெரிய சண்டை. பத்திரிகைகளில் 'வீட்டு வேலையில் உதவுங்கள், மனைவி நெருங்குவாள்' என்று எழுதுகிறவர்கள் இந்த ஐந்தாவது நாளைப் பற்றி எழுதுவதில்லை. கூலிக்குக் கழுவிய பாத்திரம் பிரேக்கை இன்னும் இறுக்கும். அந்தச் சண்டையின் முடிவில்தான் ஒரு ஒப்பந்தம் வந்தது: பாத்திரம் பாத்திரம்தான், அது அவர் வேலை, அதற்கும் கட்டிலுக்கும் சம்பந்தமில்லை. தொடுவதற்கும் அதே சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை என் தலையில் நல்லெண்ணெய் தேய்த்துவிடுவார், அத்தோடு முடிந்தது. பில் வராது என்று என் தோள் நம்புவதற்கு ஆறு மாதம் பிடித்தது.

நேரம் குறித்து வைத்துக்கொள்வதை அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "இதுக்கும் டைம் டேபிளா?" ஆசை தானாக வரவேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்குத் தானாக வருகிறது, கொள்கை வைத்துக்கொள்ளலாம். எனக்கு வியாழக்கிழமையே ஞாயிறு தெரிந்தால்தான் மனசு மெதுவாக அந்தப் பக்கம் நடக்கும். ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன், அத்தை வெக்காளியம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். நாலரையிலிருந்து ஆறரை. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரே நிபந்தனை: தொடங்கிப் பார்ப்போம், எனக்கோ அவருக்கோ வரவில்லை என்றால் எந்த இடத்திலும் நிறுத்தலாம், முகம் தூக்கக் கூடாது. முதல் மாதம் மூன்று முறை நிறுத்தினேன். காபி போட்டுக் குடித்தோம். நிறுத்தலாம் என்பது உறுதியான பிறகு நிறுத்தவேண்டிய அவசியம் குறைந்தது. இதை விளக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் பச்சையாகச் சொல்லவேண்டும். ஈரமாக இருந்தால் விருப்பம், இல்லையென்றால் இல்லை என்று அவர் கணக்கு வைத்திருந்தார், நானும்தான். கனடாவைச் சேர்ந்த மெரெடித் சிவர்ஸ் குழுவினர் 2010-ல் 132 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உறுப்பு காட்டும் கிளர்ச்சியும், 'எனக்குக் கிளர்ச்சியாக இருக்கிறது' என்று ஆள் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கேள்வி. முழுப் பொருத்தம் 1 என்றால், ஆண்களுக்கு 0.66, பெண்களுக்கு 0.26. பெண்ணின் உடம்பு ஒன்று சொல்ல, மனசு இன்னொன்று சொல்வது சர்வ சாதாரணம். மனசு விரும்பும்போதும் உடம்பு வறண்டிருக்கலாம். மனசு வெறுக்கும்போதும் உடம்பு ஈரமாகலாம், அதைச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வன்முறைக்கு ஆளான பெண்கள் இதை நினைத்துத் தங்களையே நொந்துகொள்வதும் தேவையில்லை. வாயால் கேட்டு, வாயால் பதில் வாங்குவதைவிட நம்பகமான கருவி இல்லை.

வறட்சிக்கு மருந்துக் கடையில் தண்ணீர் கலந்த ஜெல் கிடைக்கிறது. வாங்க அவர்தான் போனார், நாலு தெரு தள்ளி. ஆணுறை பயன்படுத்துகிறவர்கள் தேங்காய் எண்ணெயைக் கிட்டே சேர்க்கக் கூடாது. எண்ணெய் பட்டால் ஆணுறையின் லேடெக்ஸ் ரப்பர் நைந்து கிழியும். தேங்காய் எண்ணெய் தாழ்ப்பாளுக்கு மட்டும்.

உச்சம் விஷயம். 52,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 95 சதவீதம் பேர் பெரும்பாலும் அல்லது எப்போதும் உச்சம் அடைவதாகச் சொன்னார்கள். ஆண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 65 சதவீதம். பெண்களோடு உறவுகொள்ளும் பெண்களில் 86. இந்த மூன்றாவது எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. 'பெண் உடம்பே அப்படித்தான், தாமதம்' என்ற கதை அதோடு காலி. பெண்ணுக்குச் சுகம் தரும் உறுப்பு கிளிட்டோரிஸ். பாடப்புத்தகங்கள் அதை ஒரு பட்டாணி அளவுக்கு வரைந்துகொண்டிருந்தன. ஆஸ்திரேலிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஹெலன் ஓ'கானல் 1998-ல்தான், வெளியே தெரிவது நுனி மட்டுமே, உள்ளே அது இரண்டு பக்கமும் கிளை விட்டு இறங்குகிறது என்று எழுதிக் காட்டினார். 1998! மனிதன் நிலவுக்குப் போய்வந்து 29 வருடம் கழித்து. எங்கே, எப்படி என்று நான் அவர் கையைப் பிடித்துக் காட்டியபோது எனக்கு வயது 36. இருவருக்கும் வெட்கம். சிடியில் இதெல்லாம் இல்லை என்றார்.

எண்ணங்களைப் பற்றி ஒன்று. ஆண்கள் ஏழு நொடிக்கு ஒருமுறை அதையே நினைக்கிறார்கள் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அமெரிக்காவின் ஓஹையோவில் 283 கல்லூரி மாணவர்கள் கையில் எண்ணும் கருவியைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலர் காமத்தை, சிலர் சாப்பாட்டை, சிலர் தூக்கத்தை எண்ணவேண்டும். ஆண்கள் காமத்தை நினைத்தது நடுத்தரமாக நாளைக்கு 19 தடவை, பெண்கள் 10. ஆனால் சாப்பாட்டையும் தூக்கத்தையும்கூட ஆண்கள்தான் அதிகம் நினைத்தார்கள். இதைப் படித்துக் காட்டியபோது அவர் பிரியாணிக் கடை வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அதே ஆய்வில் நாளைக்கு 140 தடவை எண்ணிய பெண்ணும் உண்டு, ஒரே ஒரு தடவை எண்ணிய ஆணும் உண்டு. 2022-ல் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோதும், ஆண்களின் காம வேகம் சராசரியில் கூடுதல் என்பது உறுதியாகவே தெரிந்தது. சராசரி நிஜம். ஆனால் நம் கட்டிலில் படுத்திருப்பது சராசரி இல்லை, ஓர் ஆள்.

என் ஆசையை நானே வெளியே காட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். எனக்கு வேண்டும் என்று தோன்றிய நாட்களில் நான் என்ன செய்வேன்? மல்லிகை வைத்துக்கொள்வேன். "டிவியை அணைச்சுட்டு வாங்களேன்" என்பேன். அவர் சொன்னபடி டிவியை அணைத்துவிட்டு வந்து, குறட்டை விடுவார். விடிய விடிய எனக்கு ஆத்திரமாக இருக்கும். முதல் சந்திப்பில் ஆண்கள் பெண்ணின் விருப்பத்தை இல்லாத இடத்திலும் பார்ப்பார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் நாளாகிப்போன தம்பதிகளில் கணவர்கள் மனைவியின் விருப்பத்தைக் குறைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள் என்று கனடாவில் ஏமி மியூஸ் குழுவினர் 2016-ல் கண்டார்கள். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கடலளவு காமம் வாட்டினாலும் மடல் ஏறாதவள், அதாவது பனைமடல் குதிரையில் ஏறி ஊரறியத் தன் ஆசையைச் சொல்லாதவள் என்று பெண்ணைத் தலைவன் பெருமையாகச் சொல்கிற குறள் இருக்கிறது, 1137. ஆசை கடலளவு உண்டு என்று அங்கேயே ஒப்புக்கொண்டாயிற்று, கேட்கும் உரிமைதான் அவளுக்கு இல்லை. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு நான் பல வருடம் மல்லிகை வாங்கினேன். இப்போது நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2022-ல் தலைகீழாகிவிட்டது. அவர் விலக ஆரம்பித்தார். ஞாயிறு சாயங்காலம் கடையில் ஸ்டாக் எடுக்கணும் என்பார். ராத்திரி பத்து மணிக்கே தூக்கம். அந்தத் தூக்கத்தை எனக்குத் தெரியாதா? மூச்சு அளவுக்கு மீறிச் சீராக இருந்தது. வேறு யாரோ என்று நினைத்தேன். போனைக்கூட எடுத்துப் பார்த்தேன், வெட்கக்கேடு. கடைசியில் ஒருநாள் நான் இருட்டில் கேட்டேன்: "என்னை உங்களுக்குப் பிடிக்கலையா?"

ரொம்ப நேரம் கழித்து, "இதே கேள்விய நான் உன்கிட்ட கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றார்.

அவர் பீரோவில் துணிகளுக்கு அடியில் மூன்று டப்பா லேகியம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'இளவயதுத் தவறுகளால்' என்று நோட்டீஸ் ஒட்டி, லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பார்களே, அப்படி ஒருவரிடம் 14,000 ரூபாய் கொடுத்திருந்தார். எட்டு மாதமாக உடம்பு ஒத்துழைக்கவில்லை, சொல்லக் கூச்சம். ஆண் என்றால் எப்போதும் தயார் என்ற கதையை வீட்டில் அதிகம் நம்பியவர் அவர்தான். காம சக்தியைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். அந்த நோட்டீஸ்கள் இன்னும் ஒட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. 'மூலிகை' என்று விற்கிற இந்த ரகப் பொடிகள் சிலவற்றில் வயாகராவில் இருக்கிற சில்டெனாஃபில் மாத்திரையையே தூள் செய்து கலந்திருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைத் தெரியாமல் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, 9.6. அத்தை வழிச் சொத்து. சர்க்கரை சிறு ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கும். ஆணுறுப்புக்குப் போகும் குழாய்கள் இதயத்துக்குப் போவதைவிட மெல்லியவை, அதனால் கோளாறு அங்கே முதலில் தெரியும். விறைப்புக் குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் நான்கையும் பார்த்துவிடவேண்டும் என்றார். லேகியத்தில் போன எட்டு மாதம் அவருடைய இதயத்தோடு விளையாடிய எட்டு மாதம். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் சில பிரஷர் மாத்திரைகளும்கூட ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆசையைக் குறைக்கலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள்.

சில்டெனாஃபில் முறையாகவே எழுதிக் கொடுத்தார். அது ரத்த ஓட்டத்துக்கு, ஆசைக்கு இல்லை. இதே மாத்திரையைப் பெண்களுக்கும் கொடுத்துச் சோதித்துவிட்டு, 2004-ல் ஃபைசர் நிறுவனம் அந்த முயற்சியைக் கைவிட்டது. ரத்தம் பாய்ந்தாலும் அதனால் மட்டும் ஆசை வரவில்லை. என் கணவருக்கும் ஏறக்குறைய அதே நிலைதான். உடம்பு தயாரானது, மனசு 'நடுவில் கவிழ்த்துவிடுமோ' என்று எண்ணிக்கொண்டே இருந்தது. அவருக்கும் பிரேக் இருக்கிறது என்று அவருக்கு 45 வயதில் தெரிந்தது. டாக்டர் ஒரு பயிற்சி சொன்னார்: சில வாரங்களுக்கு உறவு கிடையாது, பிறப்புறுப்பைத் தொடுவதும் கிடையாது, முதுகு, கை, கால், தலை என்று மாறி மாறித் தொடவேண்டும், அவ்வளவுதான். இதுவும் அந்த மாஸ்டர்ஸ், ஜான்சன் வகுத்ததுதான். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்லெண்ணெய்ச் சட்டம் மறுபடி அமலுக்கு வந்தது, இந்தத் தடவை எண்ணெய் என் கையில். சர்க்கரை இறங்க ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் நிறுத்திக் காபி குடித்த ஞாயிறுகளில் இப்போது முகம் வாடியது அவருக்கு. முகம் தூக்கக் கூடாது என்ற நிபந்தனையை ஞாபகப்படுத்தினேன்.

இப்போது எனக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறது. வறட்சி திரும்பியிருக்கிறது, அதற்கு டாக்டர் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதியிருக்கிறார். ஆசை மட்டும், யார் நம்பினாலும் நம்பாவிட்டாலும், 30 வயதில் இருந்ததைவிட அதிகம். பிள்ளைகள் தாங்களே டப்பா கட்டிக்கொள்கிறார்கள், அது ஒரு காரணமாக இருக்கலாம்.

போன ஆடி மாதம் ஒருநாள் அத்தை அடுப்படியில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திடீரென்று, "உங்க ரூம் தாழ்ப்பாள் இப்பல்லாம் சத்தமே போடறதில்லையே" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. "எண்ணெய் விட்டாருத்தை" என்றேன். "நல்லதாப் போச்சு. எவ்வளவு நாளா நானே சொல்லணும்னு நெனச்சேன், எப்படிச் சொல்றது?" கீரைக் காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டார். "உங்க மாமா இருந்த காலத்துல நாங்க படுத்த இடத்துக்குக் கதவே கிடையாது."